பழைய அம்பாசிடர் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் மாட்டுவதும் மசகிடுவதும்: முதன்முறை செய்பவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் இன்றும் அம்பாசிடர் கார்கள் நிற்கின்றன. படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ குடும்பம் ஊருக்கு வரும்போது நாலு நாள் ஓடிவிட்டு, மற்ற மாதங்களில் துணி போர்த்திக் கிடக்கும் வண்டிகள் அவை. அப்படிப்பட்ட வண்டியின் இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது, தினமும் ஓடும் வண்டிக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கட்டி முடித்த இன்ஜின் அன்றைக்கே ஓடப்போவதில்லை. அடுத்த விசேஷம் வரை காத்திருக்கும். எந்த இடத்தில் எண்ணெய் போதும், எந்த இடத்தில் பசைதான் (ஒட்டும் பசையல்ல, கெட்டியான மசகு) வேண்டும் என்பதை அந்தக் காத்திருப்பையும் கணக்கில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கு உரியது. பிரிட்டிஷ் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரீஸ் வடிவமைப்பான இதில் கேம் ஷாஃப்ட் (கேம் எனும் மேடுகள் கொண்ட தண்டு) பிளாக்குக்குள்ளேயே மூன்று புஷ்களில் (தாங்கும் வளையங்கள்) சுழல்கிறது; டேப்பட் (கேமின் மேல் ஏறி இறங்கும் உருளை), புஷ் ராடு (தள்ளும் கம்பி), ராக்கர் ஆர்ம் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) வழியாக வால்வுகளைத் திறக்கிறது. பின்னாளில் வந்த இசுசு 1.8 இன்ஜினில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேல் இருப்பதால் அதன் செய்முறை வேறு.

கேம் ஏன் கெடுகிறது

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகளுக்கு ஆயில் பம்ப் அழுத்தத்தோடு எண்ணெயை அனுப்புகிறது. ஷாஃப்ட் அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடியே சுழல்கிறது. கேம் ஷாஃப்டின் மூன்று ஜர்னல்களுக்கும் (புஷ்களுக்குள் சுழலும் பகுதிகள்) இதே ஏற்பாடு இருப்பதால் அவை எளிதில் தேய்வதில்லை. ஆனால் கேமின் மூக்கும் (துருத்தி நிற்கும் முனை) டேப்பட்டின் அடிப்பாகமும் உரசும் இடத்துக்கு அப்படி நேரான எண்ணெய் வழி கிடையாது. கிராங்க் சுழலும்போது வாரியிறைக்கும் எண்ணெயும், மேலே ராக்கரிலிருந்து புஷ் ராடு வழியாக வடிந்து வரும் எண்ணெயுமே அதற்குக் கிடைக்கின்றன. வால்வு ஸ்பிரிங்கின் முழு வலுவும் ஒரு மெல்லிய கோட்டின் மேல் வந்து இறங்குவதால், அங்கே எண்ணெய்ப் படலம் தாக்குப்பிடிப்பதில்லை. உலோகத்தைக் காப்பாற்றுவது எண்ணெயில் கலந்துள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். அது சூட்டிலும் அழுத்தத்திலும் உலோகத்தின் மேல் ஒரு தோலாகப் படிந்து, உலோகத்துக்குப் பதிலாகத் தான் தேய்ந்துகொள்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. டேப்பட்டின் அடிப்பாகம் பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் உண்மையில் மிக இலேசாகக் குவிந்தது. கேம் அதை நட்ட நடுவில் தொடாமல் சற்றுத் தள்ளித் தொடுகிறது. அதனால் ஒவ்வொரு முறை எழும்போதும் டேப்பட் தன்னைத்தானே கொஞ்சம் திருப்பிக்கொள்கிறது, தேய்மானமும் பரவலாகிறது. திரும்பாத டேப்பட் தன் கேமை விரைவில் சிதைத்துவிடும். பின்வரும் படிகளில் பாதி, டேப்பட் தடையின்றித் திரும்ப வேண்டும் என்பதற்காகவே சொல்லப்படுகின்றன.

1. இடமும் சுத்தமும்

கார் ஷெட்டின் சிமென்ட் தரையில், தடித்த அட்டையோ தார்ப்பாயோ விரித்து வேலை செய்யுங்கள். வளவில் (வீட்டின் உள்முற்றம்) வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கு இன்ஜினைக் கொண்டுபோக வேண்டாம். கழிவு எண்ணெயின் கறை அந்தக் கல்லில் ஊறிவிட்டால் போகாது, வீட்டுப் பெரியவர்களின் கோபமும் போகாது. ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. நம் ஊர்ச் செம்மண் புழுதி, பசை தடவிய கேமில் ஒட்டினால் அது எமரி பேப்பர் செய்கிற வேலையைச் செய்யும். பஞ்சு வேஸ்ட் இழை விடும் என்பதால், துவைத்த பழைய வேட்டித் துணியே துடைக்க ஏற்றது.

2. பழைய பாகங்களைச் சோதித்தல்

டேப்பட்டுகள் எட்டையும் கழற்றும்போதே முட்டை அட்டையில் 1 முதல் 8 வரை எண் எழுதி, வரிசை மாறாமல் வையுங்கள். பழைய கேமையே திரும்பப் போடுவதானால் ஒவ்வொரு டேப்பட்டும் அதனதன் துளைக்கே போக வேண்டும். புதிய கேமுக்குப் புதிய டேப்பட்டுகள்தாம். இதில் சிக்கனம் பார்ப்பது கேமுக்குக் கொடுத்த பணத்தையும் சேர்த்து இழப்பதாகும். பழைய டேப்பட்டின் அடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வட்ட வட்டமான கோடுகள் தெரிந்தால் அது திரும்பிக்கொண்டிருந்தது என்று பொருள். ஒரே பக்கமாகக் கீறலோ, நடுவில் குழியோ, அம்மைத் தழும்பு போன்ற பள்ளங்களோ இருந்தால் அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

கேமின் எட்டு மூக்குகளையும் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் குறைந்திருந்தால் அது தேய்ந்துவிட்டது. நெடுநாள் நின்ற வண்டியில், எந்த வால்வு திறந்தபடி நின்றதோ அதற்குரிய கேமின் மூக்கில் துருப்புள்ளிகள் இருக்கும். நகத்தால் தடவி உணரும் அளவுக்குத் துரு இறங்கியிருந்தால், தேய்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள். கேமின் கடினப்பட்ட மேல்தோல் மெல்லியது.

ஷாஃப்டின் வளைவைப் பார்ப்பதும், புதிய புஷ்களை அடித்து ஒரே நேர்கோட்டில் ரீமர் இடுவதும் (துளையைச் சரியான அளவுக்குக் கடைவது) லேத் பட்டறையின் வேலை. அங்கிருந்து பிளாக் திரும்பியதும் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு புஷ்ஷின் எண்ணெய்த் துளையும் பிளாக்கின் எண்ணெய்த் துளையோடு பொருந்தியிருக்கிறதா என்று மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். ஜர்னலுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி 0.025 முதல் 0.05 மி.மீ. வரை இருக்க வேண்டும்.

3. எந்த இடத்துக்கு எது

ஜர்னல்களுக்கும் புஷ்களுக்கும் சுத்தமான இன்ஜின் ஆயில் போதும். கேமின் மூக்குகள், டேப்பட்டின் அடிப்பாகம், ஆயில் பம்பையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் சுழற்றும் சாய்பல் கியர் ஆகியவற்றுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த அசெம்பிளி பசை வேண்டும். வெறும் எண்ணெய் சில நாட்களில் வடிந்து கீழே சம்ப்பில் (இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) சேர்ந்துவிடும். பசை மாதக்கணக்கில் பூசிய இடத்திலேயே நிற்கும். நம் வண்டிகளுக்கு இதைவிட முக்கியமான செலவு வேறில்லை என்பது என் கருத்து.

டேப்பட்டின் பக்கச்சுவரில் மட்டும் பசை தடவக் கூடாது, அங்கே எண்ணெய்தான். பக்கவாட்டில் பசை இறுகினால் டேப்பட் துளைக்குள் சுலபமாகத் திரும்பாது. சக்கரத்துக்குப் போடும் சாதாரண கிரீஸை எங்கும் தடவாதீர்கள். அது எண்ணெயில் சரியாகக் கரையாமல் எண்ணெய் வழிகளில் அடைத்துக்கொள்ளும். அந்தக் காலத்துப் பந்தயக் கார்களுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார்கள் என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது நின்ற இடத்தில் பிசினாகும் தன்மையுடையது. ஓடாமல் கிடக்கும் வண்டிக்கு ஆகாது.

4. பசை பூசுதல்

புதிய கேமின் மேலிருக்கும் காப்பு எண்ணெயைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். அருகில் பீடியோ அடுப்போ இருக்கக் கூடாது. மூக்குகளில் கருஞ்சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகத் தெரிவது பாஸ்பேட் பூச்சு. அழுக்கென்று எண்ணி அதை எமரியால் தேய்த்து எடுத்துவிடாதீர்கள், எண்ணெயைப் பிடித்துவைப்பதே அதன் வேலை. விரல் நுனியில் பசையை எடுத்து, அந்தச் சொரசொரப்புக்குள் இறங்கும்படி அழுத்தித் தேயுங்கள். மூக்கு மட்டுமல்லாமல் அதன் சுற்றளவு முழுவதும், அடியிலிருக்கும் உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்குச் சீரான படலமாக இருந்தால் போதும். கட்டியாக அப்பினால் மிகுதி வழிந்து எண்ணெயில் கலந்து ஃபில்டருக்குத்தான் போகும்.

5. உள்ளே இறக்குதல்

முடிந்தால் பிளாக்கின் செயின் பக்கம் (கிராங்கையும் கேமையும் இணைக்கும் செயின் மாட்டும் முன்பக்கம்) மேலே வரும்படி நிமிர்த்தி வையுங்கள். படுத்திருக்கும் பிளாக்கில் கேமின் எடை ஒவ்வொரு புஷ்ஷின் மேலும் உராயும். நின்றிருக்கும் பிளாக்கில் அது நேராக இறங்கும். பிடித்துக்கொள்ள வசதியாகச் செயின் வீலைத் தற்காலிகமாக மாட்டி, நட்டை விரலால் முடுக்கிக்கொள்ளலாம். ஆயில் பம்பின் டிரைவ் ஷாஃப்டும் டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவும் வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் கேமின் கியர் அவற்றில் முட்டும்.

இரண்டு கைகளாலும், அவசரமின்றி, வலமும் இடமுமாக இலேசாகத் திருப்பிக்கொண்டே இறக்குங்கள். ஜர்னல்கள் முன்னிருந்து பின்னாகச் சிறுத்துக்கொண்டே போவதால் பின் ஜர்னல் முன் புஷ்ஷைத் தட்டாமல் கடந்துவிடும். கவனிக்க வேண்டியது மூக்குகளின் கூர்விளிம்பைத்தான். புஷ்ஷின் வெள்ளை உலோகம் மிகவும் மெத்தென்றது, ஒரு தட்டலிலேயே வடு விழும். எங்காவது தடுத்தால் சுத்தியலை எடுக்காமல், ஒரு அங்குலம் மேலே தூக்கிச் சற்றுத் திருப்பி மறுபடியும் விடுங்கள். ஒவ்வொரு ஜர்னலும் தன் புஷ்ஷுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு அதற்கு எண்ணெய் விடுங்கள்.

முழுவதும் இறங்கியபின் இரண்டு விரல்களால் சுற்றிப் பாருங்கள். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் இறுகினால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். சுற்று முழுவதும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் புஷ்ஷில் குறை. இரண்டில் எதுவானாலும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாமல் வெளியே எடுத்துவிட வேண்டும்.

6. முன்பின் ஆட்டமும் டைமிங்கும்

முன்புறத் தடுப்புத் தகட்டின் ஒரு பக்கம் வெள்ளை உலோகம் பூசியிருந்தால், அந்தப் பக்கம் ஜர்னலை நோக்கி இருக்க வேண்டும். தகட்டையும் செயின் வீலையும் மாட்டி நட்டை முடுக்கியபின், கேமின் முன்பின் ஆட்டம் 0.08 முதல் 0.18 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் இதைத் தாண்டினால் தகட்டை மாற்றுங்கள்.

அடுத்து, 1-ஆம் பிஸ்டனை மேல் டெட் சென்டரில் (பிஸ்டன் ஏறும் உச்சி) நிறுத்தி, இரண்டு செயின் வீல்களிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி செயினோடு சேர்த்தே ஒருங்கே மாட்டுங்கள். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, புள்ளிகள் மறுபடியும் நேருக்கு நேர் வருவதை உறுதிசெய்தபின் லாக் வாஷரை மடக்குங்கள்.

7. டேப்பட், ராக்கர்

டேப்பட்டின் பக்கச்சுவருக்கு எண்ணெயும் அடிக்குப் பசையும் தடவி, துளைக்குள் விடுங்கள். அது தன் எடையிலேயே மெதுவாக இறங்க வேண்டும், விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். ராக்கர் இடைவெளி வைப்பதற்கு ஒன்பதுக் கணக்கு உதவும்: 8-ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஆம் வால்வு, 6-ஆம் வால்வு திறந்திருக்கும்போது 3-ஆம் வால்வு என, இரண்டு எண்களின் கூட்டுத்தொகை ஒன்பதாக வரும்படி பார்த்துக்கொண்டால் போதும். இடைவெளியின் அளவைக் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் உடனே ஓடப்போவதில்லை என்றால், இடைவெளி வைக்கும் வேலையை ஓட்டும் நாளுக்கு ஒத்திவைத்து, ராக்கர் ஸ்குரூக்களைத் தளர்த்தியே வையுங்கள்; ஸ்பிரிங்கின் அழுத்தம் மாதக்கணக்கில் ஒரே கேமின் மேல் இருக்காது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம், "அப்பப்ப ஹேண்டில் போட்டுச் சுத்திவிடாதீங்கண்ணே" என்று சொல்லிவைப்பதும் தேவை. அவர் நல்லெண்ணத்தில் சுற்றும் ஒவ்வொரு சுற்றும், எண்ணெய் இறைப்பில்லாத நிலையில் பூசிய பசையை வழித்தெடுக்கும்.

8. முதல் ஓட்டம்

முதல் 20 நிமிடங்களில் கேமும் டேப்பட்டும் ஒன்றுக்கொன்று படிகின்றன. கேமின் ஆயுள் பெரும்பாலும் அப்போதே முடிவாகிவிடுகிறது. எனவே முதல் சுழற்சியிலேயே பற்றிக்கொள்ளும்படி இக்னிஷன் டைமிங்கைச் சரியாக வைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோலும் ரேடியேட்டரில் தண்ணீரும் நிரப்பி வையுங்கள். ஆயில் பம்பை மாட்டும்போதே அதற்குள் எண்ணெய் நிரப்பியிருக்க வேண்டும். ஆயில் பிரஷர் குழாய் இணையும் துளை வழியாக எண்ணெய்க் கேனால் அழுத்தி எண்ணெய் வழியை நிரப்பிவிட்டால், ஸ்டார்ட்டரில் நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்காது.

எண்ணெயைப் பொறுத்தவரை, புதிய பெட்ரோல் கார்களுக்கான மெல்லிய எண்ணெய்களில், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகப் பாஸ்பரஸைக் குறைத்திருக்கிறார்கள். இந்த இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 தடிமனுள்ள எண்ணெயோ, டீசல் வண்டிகளுக்கான 15டபிள்யூ-40 சி.ஐ.-4 தர எண்ணெயோ ஏற்றது.

இன்ஜின் பற்றியதும் பிரஷர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வேகத்தை நிமிடத்துக்கு 2000 சுற்றுகளுக்கு உயர்த்தி, 2000-க்கும் 2500-க்கும் இடையில் ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓட்டுங்கள். ஐடிலிங்கில் விடவே கூடாது. மெதுவாகச் சுழலும் கிராங்க் கேமுக்குப் போதிய எண்ணெயை இறைக்காது. ராக்கர் கவரைத் திறந்து புஷ் ராடுகள் சுழல்வதைப் பார்க்கலாம்; சுழன்றால் டேப்பட் திரும்புகிறது. சூடு மிகுந்தாலோ பிரஷர் இறங்கினாலோ நிறுத்திக் காரணத்தைச் சரிசெய்துவிட்டு, மீதி நிமிடங்களைத் தொடருங்கள்.

நிறுத்தியதும், சூடு ஆறுவதற்கு முன்பே எண்ணெயை இறக்கி, ஃபில்டரையும் மாற்றுங்கள். இறக்கிய எண்ணெய் பசையால் கறுத்திருப்பது இயல்பு. அதில் மினுமினுக்கும் துகள்கள் மிதந்தால் கவலைக்குரியது. 500 கி.மீ. ஓடியபின் எட்டு ராக்கர் இடைவெளிகளையும் மறுபடி அளந்து, முதலில் வைத்த இடைவெளிகளோடு ஒப்பிடுங்கள். ஏழு மாறாமல் ஒன்று மட்டும் விரிந்திருந்தால், இடைவெளியைச் சரிசெய்து ஓட்டாமல் சைடு கவரைத் திறந்து அந்த டேப்பட்டை வெளியே எடுத்துப் பாருங்கள்.