பெங்களூரு மேசையில் பேஸ்பால் மைதானம்: எங்கெங்கே சறுக்குகிறது?

பெங்களூரு அலுவலகங்களில் அமெரிக்க ஸ்டேடியங்களுக்கு ரெவிட் (கட்டட வடிவமைப்பு மென்பொருள்) மாடல் போடும் நம்மவர்களுக்குக் கிரிக்கெட் மைதானம்தான் கைப்பழக்கம். முதல் சறுக்கலே அதனால்தான். கிரிக்கெட்டில் எல்லாக் கண்களும் மைதானத்தின் நடுவே இருக்கும். கிண்ணம் போல இருக்கைகளைச் சுற்றிவிட்டால் போதும். பேஸ்பாலிலோ ஆட்டத்தின் உயிர் ஒரு மூலையில், மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் 18.44 மீட்டர் தள்ளி நின்று பந்தெறியும் பிட்சருக்கும் நடுவே இருக்கிறது. ஹோம் பிளேட்டிலிருந்து விரியும் எல்லைக்கோடான ஃபவுல் கோட்டுக்கு நேர் இணையாக வரிசை போட்டால், அந்தக் கோட்டில் உள்ள முதல் பேஸைத் தாண்டி உட்காருபவர் மூன்று மணி நேரமும் கழுத்தைத் திருப்பியபடியே இருக்க வேண்டும். அங்கே வரிசைகளைப் பிட்சர் பக்கம் சற்றுத் திருப்புங்கள்.

விதிப்புத்தகத்தை மேலோட்டமாகப் படிப்பதும் விலை உயர்ந்த தவறு. ஜப்பானில் ஹொக்கைடோவில் 2023இல் திறந்த எஸ்கான் ஃபீல்டில், பார்வையாளரை ஆட்டத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவர, ஹோம் பிளேட்டுக்குப் பின்னுள்ள தடுப்பைச் சுமார் 15 மீட்டரில் வைத்தார்கள். விதியில் இருப்பது 60 அடி, அதாவது 18.29 மீட்டர். ஆங்கில விதி அதைப் பரிந்துரை என்கிறது. ஜப்பானிய வாசகமோ கட்டாயம் என்றது. கட்டடம் எழும்பிய பிறகுதான் சர்ச்சை வெடித்தது. எந்த நாட்டுப் பதிப்பின்படி வரைகிறோம் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பார்வைக்கோட்டில் 5 சென்டிமீட்டர்கூட விளையாட்டு காட்டும். முன்வரிசைக்காரரின் கண், பார்க்கும் புள்ளியிலிருந்து கிடையாக 30 மீட்டர், உயரத்தில் 8 மீட்டர். படி உயரம் 30 செ.மீ., அகலம் 80 செ.மீ. என்று வையுங்கள். பின்னால் இருப்பவரின் பார்வை முன்னவர் கண்ணுக்கு 84 மி.மீ. மேலே போகும். கால் நீட்ட இடம் வேண்டுமென்று படி அகலத்தை 85 ஆக்கி, உயரத்தை அப்படியே விட்டால் அது 71 மி.மீ. ஆகிவிடும். 60 மி.மீ. என்பது பொதுவாகக் கீழ் எல்லை. 90 இருந்தால் நிம்மதி. அகலத்தை மாற்றினால் உயரமும் தானாக மறுகணக்காகும்படி மாடலில் இரண்டையும் பிணைத்து வையுங்கள்.

அடுத்தது நில அளவையர் தரும் ஆயத்தொலைகள், அதாவது இடத்தைக் குறிக்கும் எண்கள். ரெவிட்டின் உள் மையத்திலிருந்து (மென்பொருளின் பூஜ்ஜியப் புள்ளி) ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு அப்பால் வடிவங்களை வைத்தால் கோடுகள் பிசகும். மாடலை மையத்துக்கு அருகிலேயே வைத்து, பகிர்ந்த ஆயத்தொலை வழியாக இணைப்பதே சரி. இன்னொரு கண்ணி அமெரிக்க அடி. பழைய சர்வே அடிக்கும் சர்வதேச அடிக்கும் உள்ள வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். ஆனால் 20 லட்சம் அடி என்று வரும் ஆயத்தொலையில் அது 4 அடி! 2022 முடிவோடு சர்வே அடி ஓய்வு பெற்றுவிட்டாலும் பழைய வரைபடங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கோப்பைத் திறக்கும் முன் 'எந்த அடி?' என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

கணினி பச்சை விளக்கு காட்டினால் கூரை நிற்கும் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் உள்ளரங்கம் ஒன்றின் எஃகுக் கூரை 1978 ஜனவரி 18 அதிகாலையில் பனிச்சுமையில் விழுந்தது. சில மணி நேரம் முன்புதான் ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடைப்பந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். 30 அடி மேல்தண்டுகளுக்கு நடுவில் முட்டு இருப்பதாகக் கணக்கு எடுத்துக்கொண்டது. ஓரத் தண்டுகளில் அந்த முட்டு உண்மையில் வேலை செய்யவில்லை. பிடிப்பில்லாத நீளம் இரட்டித்தால் மெலிந்த தண்டின் வளைவுத் தாங்குதிறன் நான்கில் ஒன்றாகும். கட்டும்போதே கூரை கணித்ததைவிட இரு மடங்கு தொய்ந்ததை அளந்தும் கடந்து போனார்கள். ஆகவே பகுப்பாய்வு மாடலில் முட்டு என்று குறித்த ஒவ்வொரு முனையையும் இணைப்பு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். தளத்தில் அளந்த தொய்வு கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் வேலையை நிறுத்துங்கள்.

அமெரிக்க ஸ்டேடியத்துக்குப் போட்ட கூரையை நம் ஊர்த் திட்டத்துக்கு அப்படியே எடுத்துவைக்கும் ஆசையும் வரும். நம் நாட்டுக்குள்ளேயே காற்று ஊருக்கு ஊர் மாறும். அடிப்படைக் காற்று வேகம் பெங்களூருவுக்கு நொடிக்கு 33 மீட்டர், மும்பைக்கு 44. அழுத்தம் வேகத்தின் இருபடி என்பதால் மும்பையில் சுமை கிட்டத்தட்ட 1.8 மடங்கு. ஒரு முனையில் மட்டும் தாங்கி நீளும் நெடிய கேன்டிலீவரில் கீழிருந்து தூக்கும் காற்றையும் மறக்க வேண்டாம். அஸ்திவார போல்ட்டுகளை அதுதான் இழுக்கும்.

மேல் அடுக்கைப் போட்டிக்கு மட்டும் கணக்கிட்டுவிட்டு, பிறகு இசை நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விடுவார்கள். கூட்டம் தாளத்தோடு குதிப்பது நொடிக்குச் சுமார் 2 முறை. அதன் மடங்குகளும் அடுக்கை உலுக்கும். அதனால்தான் கச்சேரி நடக்கும் அடுக்குக்குச் செங்குத்து இயல் அதிர்வெண் (அடுக்கு தானாக மேலும் கீழும் அதிரும் வேகம்) 6 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 6 முறைக்கு மேல் இருப்பது நல்லது என்கிறார்கள். காலி அடுக்குக்கு மட்டும் கணக்குப் போட்டு நிறுத்திவிடாமல், ஆட்கள் நிறைந்த நிலையிலும் பாருங்கள்.

கடைசியாக, பார்வையாளர்மேல் பந்து பாயாமல் தடுக்கும் பந்து வலை. கட்டடக்கலை மாடலில் அது எடையே இல்லாத சாம்பல் திரையாக வரும். கட்டமைப்பு மாடலில் வரவே வராது. வலையைத் தாங்கும் கேபிளின் தொய்வைப் பாதியாக்கினால் இழுவிசை இரட்டிக்கும். 'பார்வையை மறைக்காமல் இறுக்கமாகக் கட்டுங்கள்' என்று கடைசி மாதத்தில் கேட்பார்கள். அந்த இழுவையை ஏற்கும் தூணும் கொக்கியும் தொடக்கத்திலேயே சுமைப் பட்டியலில் இருக்க வேண்டும்.