பட்டினி போட்டு எழுப்புங்கள்: ஃபைப்ரோபிளாஸ்ட்டைப் பிரிய வைப்பது எப்படி

கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் போய் யாரையாவது கையைக் காட்டச் சொல்லுங்கள். கெளுத்தி முள் குத்தியது, வலை அறுத்தது என்று ஏழெட்டுத் தழும்பாவது இருக்கும். அந்தத் தழும்பையெல்லாம் கட்டியவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள்தான். சாதாரண நாளில் இவை தோலுக்கடியில் பிரியாமல், அதாவது ஒன்று இரண்டாகாமல், சும்மா கிடக்கும். ரத்தம் கசிந்து உறையும்போது ரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்) தங்களுக்குள் பொட்டலம் கட்டி வைத்திருக்கும் பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொட்டுகின்றன, அது வந்து தட்டிய பிறகுதான் இவை விழித்துக்கொள்ளும். தட்டுகளிலிருந்து இப்படி ஒன்று வருகிறது என்பது 1974இல் தெரிந்தது. உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரான சீரம் செல்களைப் பிரிய வைத்தது, தட்டுகளை நீக்கிய பிளாஸ்மாவோ அந்த அளவுக்குப் பிரிய வைக்கவில்லை.

இதையே டிஷ்ஷில், அதாவது ஆய்வகத்தில் செல் வளர்க்கும் தட்டில், செய்து பார்ப்பதுதான் விஷயம். புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள் (நானும் செய்தேன்), அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் செல். எலிக் கருவிலிருந்து வந்த என்ஐஹெச் 3டி3 என்ற ஃபைப்ரோபிளாஸ்ட் வகை போதும். மூன்று நாளுக்கு ஒரு முறை, டிஷ்ஷுக்கு 3 லட்சம் செல் என்று மாற்றி வளர்த்ததால் வந்த பெயர், 1960களின் தொடக்கத்தில் டோடாரோ, கிரீன் என்ற ஆய்வாளர்கள் வைத்த முறை அது. 10 சதவீதக் கன்றுச் சீரத்தில் வளருங்கள், டிஷ் முழுக்க அடைத்துக்கொள்ள விடாதீர்கள். அடைத்துவிட்டால் கட்டுப்பாடில்லாமல் வளரும் முரட்டுச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும், அப்புறம் அந்த பேட்ச்சைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

டிஷ்ஷில் முக்கால் பங்கு நிறைந்ததும் பட்டினி. சூடு காட்டிய பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் இரண்டு தடவை அலசி, 0.5 சதவீதச் சீரம் உள்ள மீடியத்தில் (செல் வளரும் கரைசல்) 24 மணி நேரம் விடுங்கள். சீரமே இல்லாமல் விடாதீர்கள், நாளாக நாளாகச் செல்கள் உருண்டு மிதக்கும். இந்தப் பட்டினியைப் பலர் சடங்காக நினைக்கிறார்கள். சீரத்தில் ஏற்கனவே வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன, செல்லுக்குள் பேச்சு ஓடிக்கொண்டேதான் இருக்கும், திருவிழா மைக் அலறும்போது காதில் ரகசியம் சொன்ன மாதிரி உங்கள் பிடிஜிஎஃப் அதில் தொலைந்துபோகும். பட்டினியில் செல்கள் ஜி-ஜீரோ என்ற ஓய்வுநிலைக்குப் போன பிறகுதான் நீங்கள் சொல்வது தனியாகக் கேட்கும்.

இப்போது அந்தத் தப்பு. எர்க் என்பது செல்லுக்குள் சேதி கடத்தும் ஒரு புரதம், அதில் பாஸ்பேட் ஏறியிருந்தால் விழித்திருக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை நான் எடுத்த வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) பூஜ்ய நிமிடத்திலேயே பாஸ்பேட் ஏறிய எர்க் பளிச்சென்று தெரிந்தது, பிடிஜிஎஃப் ஊற்றுவதற்கு முன்பே! ஆன்டிபாடியைக் குறை சொல்லி ஒரு வாரம் போனது. விஷயம் என்னவென்றால், காரணியைச் சேர்க்கும் முன் "சுத்தமாக இருக்கட்டும்" என்று புது மீடியம் மாற்றியிருந்தேன். மீடியம் மாற்றுவது, டிஷ்ஷை ஆட்டுவது, குளிர்ந்துபோக விடுவது எல்லாமே எர்க்கைக் கொஞ்ச நேரம் எழுப்பிவிடும். ஆகவே மீடியத்தைத் தொடாதீர்கள். அடர்த்தியான பிடிஜிஎஃப் கரைசலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, மில்லிக்கு 20 நானோகிராம் வரும்படி ஓரமாக விட்டு மெதுவாகச் சாய்த்துக் கலக்குங்கள். பூஜ்ய டிஷ்ஷுக்கும் காரணி இல்லாத வெறும் கரைசலை அதே அளவு விட வேண்டும். ஆறு குழித் தட்டும் வேண்டாம், ஒரு குழிக்காக வெளியே எடுத்தால் ஆறும் குளிரும். நேரத்துக்கு ஒரு தனி டிஷ்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். 60 நிமிட டிஷ்ஷில் முதலில் ஊற்றி கடிகாரத்தைத் தட்டுங்கள், 30ஆவது நிமிடத்தில் 30 நிமிட டிஷ், 50இல் பத்து நிமிட டிஷ், 55இல் ஐந்து, 58இல் இரண்டு. மணி அடித்ததும் எல்லாம் ஒன்றாக ஐஸுக்கு. சனிக்கிழமை பட்டினி போட்டால் ஞாயிறு காலை இந்த வேலை வரும், நடுவில் அரை மணி இருக்கிறதே என்று காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே நடப்பது இது. பிடிஜிஎஃப் இரட்டை மூலக்கூறு, செல்லின் மேல் அதைப் பிடிக்கக் காத்திருக்கும் இரண்டு ரிசெப்டர் புரதங்களைப் பிடித்துப் பக்கத்தில் இழுக்கும். பக்கத்தில் வந்த ரிசெப்டர்கள் ஒன்றின் டைரோசினில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றும். அந்தப் பாஸ்பேட்டில் கிரப்2 என்ற புரதம் வந்து ஒட்டும், தன்னோடு சாஸ் என்ற இன்னொன்றைக் கூட்டி வரும், சாஸ் ராஸ் என்ற புரதத்திடமிருந்து இரண்டு பாஸ்பேட் கொண்ட GDPயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மூன்று பாஸ்பேட் கொண்ட GTP உட்கார வழி செய்யும், சுருக்கமாக ராஸ் விழித்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த புரதங்களுக்குச் சேதி போகும்: ராஸ் ராஃபை எழுப்பும், ராஃப் மெக்குக்கும் மெக் எர்க்குக்கும் பாஸ்பேட் ஏற்றும். ஐந்து பத்து நிமிடத்தில் எர்க் உச்சம். அது செல்லின் கருவுக்குள் (நியூக்ளியஸ்) போய், அரை மணியில் ஃபாஸ் ஜீனைப் பேச வைக்கும். இன்னொரு பக்கம் பிஐ3கே, ஆக்ட் என்று ஒரு கிளை ஓடும், செல் சாகாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அதன் வேலை.

ஐஸில் வைத்ததும் வேகம் வேண்டும், பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைம்கள் உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால்தான் லைசிஸ் பஃபரில் (செல்லை உடைக்கும் கரைசல்) அந்த என்சைம்களைத் தடுக்கும் வனடேட் போடுகிறோம். அதைக் கரைத்து பிஹெச் 10க்குக் கொண்டு வந்தால் மஞ்சளாக இருக்கும், கொதிக்க வைத்தால் நிறம் போகும், ஆறவிட்டு மறுபடி பிஹெச்சைச் சரிசெய்து மறுபடி கொதிக்க வைத்து, நிறமே இல்லாமல் நிற்கும்வரை செய்ய வேண்டும். மஞ்சளாகவே ஊற்றினால் பாதிப் பலன்தான். பிளாட்டில் புரதம் ஒட்டியிருக்கும் மெம்பிரேனை பால்பவுடரில் ஊற வைக்காமல் ஆல்புமினில் வையுங்கள், பாலிலுள்ள கேசீனிலேயே பாஸ்பேட் இருக்கிறது. எர்க் 44, 42 கிலோடால்டன் எடையில் இரட்டைக் கோடாக வரும். மெக்கைத் தடுக்கும் யு0126ஐ அரை மணி முன்பே கொடுத்த ஒரு டிஷ்ஷும் கூட இருக்கட்டும், அதில் கோடு மங்கினால்தான் நீங்கள் பார்ப்பது அந்த வழிதான் என்று சொல்ல முடியும்.

எர்க் ஏறிவிட்டது, செல் பிரிந்துவிடும் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள். நடுவில் மணிக்கணக்கில் வேலை இருக்கிறது. சைக்ளின் டி என்ற புரதம் சேர வேண்டும், அது சிடிகே4, 6 என்ற என்சைம்களோடு கைகோத்து ஆர்பி புரதத்தில் பாஸ்பேட் ஏற்ற வேண்டும், ஆர்பி பிடியை விட்டால்தான் இ2எஃப் வெளியே வந்து டிஎன்ஏ நகலெடுக்கும் ஜீன்களைத் திறக்கும். ஓய்விலிருந்து எழுந்த 3டி3 செல் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 12 மணி நேரமாவது ஆகும். அதனால் இதற்கு வேறு டிஷ், மைக்ரோஸ்கோப்பில் பார்க்க உள்ளே கண்ணாடித் துண்டு போட்டு. பிடிஜிஎஃப் மட்டும் போதாது, அது செல்லைத் தயார் நிலைக்குத்தான் கொண்டு வரும், தாண்டி நடத்த ஐஜிஎஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி வேண்டும், அதற்குப் பதில் இன்சுலினைத் தாராளமாகச் சேர்க்கலாம். 16ஆவது மணி நேரத்தில் இடியு (புதிதாகச் செய்யும் டிஎன்ஏவில் போய்ச் சேரும் பொருள்) சேர்த்து 24ஆவது மணி நேரத்தில் நிறுத்தி, சாயம் ஏற்றிப் பாருங்கள், அந்த நேரத்தில் டிஎன்ஏ செய்த கருக்கள் மட்டும் ஒளிரும்.

நேரம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். சீரத்தால் எழுப்பி, 2, 4, 6, 8, 10, 12 மணிகளில் ஒவ்வொரு டிஷ்ஷாக அலசிப் பட்டினி மீடியத்துக்கு மாற்றுங்கள். முன்னால் மாற்றியவற்றில் பெரும்பாலான செல்கள் திரும்பிப் படுத்துவிடும், ஒரு கட்டத்துக்குப் பின்னால் மாற்றியவை சீரம் இல்லாமலே போய்க்கொண்டிருக்கும். ஆர்தர் பார்டீ என்ற ஆய்வாளர் 1974இல் சொன்ன ரெஸ்ட்ரிக்‌ஷன் பாயின்ட் அதுதான். டிஷ்ஷுக்கு 200 கருவாவது எண்ணுங்கள், நடுவில் மட்டும் எண்ணாமல் ஓரத்திலும். எது எந்த டிஷ் என்று தெரியாத ஒரு ஆளைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது, ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் வருவார்கள்.