மலையகத்தில் சுயதொழில் செய்பவர்கள் மருத்துவக் காப்புறுதி எடுப்பது எப்படி?

ஹட்டனில் சலூன், தலவாக்கலையில் தையல் கடை, பண்டாரவளையில் ஆட்டோ, நுவரெலியாவில் குத்தகைக் காணியில் மரக்கறி என்று சொந்தக் காலில் நிற்கும் எங்கள் ஆட்கள் பெருகிவிட்டார்கள். மாதச் சம்பளம் இல்லாதவர் நோயில் படுத்தால் அன்றைக்கே வருமானமும் படுத்துவிடுகிறது. அதனால் காப்புறுதி அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முகவர் காட்டும் இலட்சங்களைப் பார்த்துக் கையெழுத்திடாமல், கீழே உள்ள ஒழுங்கில் போனால் குறைந்த செலவில் பொருத்தமானதை எடுக்கலாம்.

படி 1: எந்தச் செலவு உங்களைச் சாய்க்கும் என்று பாருங்கள்

இதைச் சரியாகச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். டிக்கோயா, நுவரெலியா, பதுளை, கண்டி என்று எந்த அரச வைத்தியசாலைக்குப் போனாலும் வார்ட்டில் தங்குவதற்கும் சத்திரசிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. உண்மையில் கையைக் கடிப்பவை வேறு: வேலைக்குப் போகாத நாட்கள், வாகனக் கூலி, கூட நிற்பவரின் சாப்பாடு, வெளியில் செய்யச் சொல்லும் ஸ்கேன், வெளியில் வாங்கச் சொல்லும் மருந்து.

உதாரணத்துக்கு, நாளுக்கு 3,000 ரூபாய் உழைக்கும் ஆட்டோ சாரதி காய்ச்சலில் 7 நாள் வார்ட்டில் இருந்தால் 21,000 ரூபாய் போய்விடும். லீசிங் தவணை காத்திருக்காது. இவருக்கு முதலில் வேண்டியது, வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் குறித்த தொகை தரும் நாளாந்தக் கொடுப்பனவு. சத்திரசிகிச்சைக்கு அரச வைத்தியசாலையில் காத்திருக்க முடியாது, தனியார் வைத்தியசாலைக்குத்தான் போவேன் என்பவருக்கே பெரிய தொகைக் காப்பு தேவை. அதன் கட்டுப்பணமும், அதாவது பிரீமியமும், கூடுதலாகத்தான் இருக்கும்.

படி 2: ஏற்கெனவே உள்ளதைத் தேடுங்கள்

மனைவியோ கணவரோ அரச பாடசாலையில் ஆசிரியரா? அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதி வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் பொருந்தும். மலையகத்தில் எத்தனையோ குடும்பங்கள் இது தெரியாமல் வெளியில் இரண்டாவது காப்புறுதிக்குப் பணம் கட்டுகின்றன.

கடையில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும், முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் பங்காக 12 வீதமும், ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தனியாக 3 வீதமும் கட்ட வேண்டும். இது சட்டம். சிறிய கடைதானே என்று விட்டுவிடாதீர்கள். நம்பிக்கை நிதியம் தகுதியுள்ள உறுப்பினர்களுக்கு இதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை போன்றவற்றுக்கு உதவி தருகிறது. உங்களிடம் வேலை செய்யும் பையனின் உயிரே அதில் தங்கியிருக்கலாம். சுயதொழில் செய்பவர்களும் இந்த நிதியத்தில் சேரலாம். பாரிய நோய்களுக்கு ஜனாதிபதி நிதியத்திலும் உதவி கேட்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

படி 3: குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள்

நிறுவனம் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்க்கலாம். பிறகு முகவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- அரச வார்ட்டில் தங்கினாலும் நாளாந்தக் கொடுப்பனவு உண்டா? எத்தனையாவது நாளிலிருந்து?
- எடுத்த பிறகு எவ்வளவு காலம் கழித்துக் காப்பு தொடங்கும்?
- ஏற்கெனவே இருக்கும் நீரிழிவு, பிரஷருக்கு என்ன நிபந்தனை?
- அறைக் கட்டணத்துக்குத் தனி உச்சவரம்பு உள்ளதா?
- கண்டியில் எந்தத் தனியார் வைத்தியசாலையில் கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்?

முதல் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் அடுத்த நிறுவனத்துக்குப் போங்கள்.

பல முகவர்கள் நீண்டகால ஆயுள் காப்புறுதியோடு மருத்துவத்தை இணைத்துத்தான் காட்டுவார்கள். வருமானம் ஏறி இறங்குபவருக்கு அது சுமை. சில தவணைகள் தவறினால் மருத்துவக் காப்பும் சேர்ந்து போய்விடும். வருடாந்தம் புதுப்பிக்கும் தனி மருத்துவக் காப்பு கிடைக்குமா என்று வற்புறுத்திக் கேளுங்கள். நுவரெலியாவில் கடை வைத்திருப்பவர் ஏப்ரல் சீசன் பணம் கையில் இருக்கும்போதே வருடக் கட்டுப்பணத்தை ஒரேயடியாகக் கட்டிவிடுவது நல்லது.

படி 4: விண்ணப்பப் படிவம்

வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். முகவர் நிரப்பினாலும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். “சீனி வருத்தம் இருப்பதை எழுத வேண்டாம்” என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் நண்பர் அல்ல. நோயை மறைத்தது தெரிந்தால் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, கிளினிக் கொப்பியில் மூன்றாவது எழுத்து. காப்புறுதியில் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். வார்ட்டில் அனுமதிக்கும்போதும் அதே அட்டையைக் கொடுங்கள். லயத்தில் தனி முகவரி இல்லாதவர்கள் கடை முகவரியைக் கடிதப் போக்குவரத்துக்குக் கொடுக்கலாம். தோட்ட அலுவலகத்தில் கடிதம் கிடந்து புதுப்பிக்கும் திகதி தவறிவிடக் கூடாது.

படி 5: கூட்டாக எடுக்க முடியுமா?

ஏற்கெனவே இயங்கும் வர்த்தகர் சங்கமோ ஆட்டோ சங்கமோ இருந்தால், குழுக் காப்புறுதிக்கு விலை கேட்கச் சொல்லுங்கள். தலைக்கு வரும் கட்டணம் பெரும்பாலும் குறையும். சங்கத்திலிருந்து விலகினால் காப்பும் நின்றுவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

படி 6: இழப்பீடு கேட்கும்போது

வார்ட்டிலிருந்து வெளியேறும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அனுமதித்த திகதியும் வெளியேறிய திகதியும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். பில்களின் மூலப் பிரதியைக் கொடுக்கும் முன் போட்டோப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் சொன்ன கால எல்லைக்குள் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் சான்று கேளுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்திடமே மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் தீராவிட்டால் அந்தக் கடிதத்தோடு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம், அதாவது காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் குறைகேள் அதிகாரியிடம், முறையிடலாம்.