அனிமேஷன் படத்தின் 4கே வட்டு: இருக்கும் ப்ளூ-ரே போதுமா, மறுபடியும் வாங்கலாமா?

ப்ளூ-ரேயாக ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் ஓர் அனிமேஷன் படம் 4கே அல்ட்ரா எச்டி வட்டாகவும் வெளிவந்துவிட்டது என்றால், அதை இன்னொரு முறை வாங்கலாமா என்பதை அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது. 1920×1080 புள்ளிகள் 3840×2160 ஆகிவிட்டன என்பது உண்மைதான். ஆனால் அந்தப் படம் எதில் உருவானது, எதில் பதிவானது, பிற்பாடு அதைச் சுத்தம் செய்தவர்கள் எந்த அளவுக்குக் கை வைத்தார்கள் என்பவைதான் கொடுக்கும் காசுக்குப் பொருள் தருகின்றன. மும்பையில் இருந்துகொண்டு வாங்குகிறவருக்கு இந்த விசாரணை கூடுதலாகவே தேவை. இவ்வகை வட்டுகளைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. விலையோடு கூரியர் செலவும் சுங்கவரியும் சேரும். பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவது நடைமுறையில் ஆகாத காரியம்.

முதலில் படம் பிறந்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி போன்ற செல் தாள்களில் கையால் வரைந்து, வண்ணம் தீட்டி, ஒவ்வொரு சட்டகமாக 35 மி.மீ. பிலிமில் எடுத்த படங்களுக்குத்தான் 4கே உண்மையாகவே எதையாவது கூட்டித் தருகிறது. ஏனென்றால் நல்ல நிலையில் உள்ள நெகட்டிவில் ப்ளூ-ரே காட்டியதைவிட அதிக விவரம் இருக்கிறது. 1988இல் வெளியான ‘அகிரா’ பிலிமிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்யப்பட்டு 2020இல் 4கே-யாக ஜப்பானில் வெளிவந்தது இவ்வகைக்கு நல்ல உதாரணம். இன்னும் பழையது 1950ஆம் ஆண்டின் டிஸ்னி ‘சிண்ட்ரெல்லா’. அக்காலத்தில் அந்த ஸ்டுடியோ ஒரே ஓவியத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகள் வழியாகக் கறுப்பு வெள்ளை பிலிமில் அடுத்தடுத்து மூன்று முறை படம்பிடித்தது. வண்ணச் சாயம் எதுவும் அந்த நெகட்டிவில் இல்லாததால் வெளிறிப்போகவும் எதுவும் இல்லை. அதை ஸ்கேன் செய்து சீரமைத்த 4கே பதிப்பு 2023இல் வெளிவந்தது. இப்படிப்பட்ட படங்களுக்குக் காசு செலவழிக்கத் தயங்க வேண்டியதில்லை, சுத்தம் செய்த கை நிதானமான கையாக இருந்தால்.

1990களில் வண்ணம் தீட்டும் வேலை கணினிக்குப் போனது. டிஸ்னியில் 1990 முதல் முழுநீளப் படங்களே செல் இல்லாமல், ஓவியங்களை ஸ்கேன் செய்து கணினியில் வண்ணமிட்டு உருவாயின. அந்தக் கோப்புகள் ஏறத்தாழ 2கே அளவுக்குள், அதாவது அகலத்தில் சுமார் 2000 புள்ளிகளுக்குள், அடங்குபவை. அதற்கு மேலான கூர்மை அவற்றில் ஒளிந்திருக்கவில்லை. முழுக்கக் கணினியில் உருவான படங்களிலும் இதே கதைதான். 1995இல் வந்த ‘டாய் ஸ்டோரி’ 1536×922 புள்ளிகளில் ரெண்டர் செய்யப்பட்டது, அதாவது கணினி அதன் சட்டகங்களை அந்த அளவில்தான் உருவாக்கியது. ப்ளூ-ரேயின் 1080 வரிகளைக்கூட அது எட்டவில்லை. மூலக் கோப்புகளைத் திறந்து 4கே-யில் மறுபடி ரெண்டர் செய்வது கொள்கையளவில் முடியும் என்றாலும், பழைய மென்பொருளுக்கு உயிரூட்டும் செலவை ஏற்க ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் முன்வருவதில்லை. அண்மைக் காலப் படங்களிலும் கணிசமானவை 2கே-யில் முடிக்கப்பட்டு, வட்டுக்காகப் பெரிதாக்கப்பட்டவையே.

அப்படியானால் கணினிப் படங்களுக்கு 4கே வீண் என்று தள்ளிவிடலாமா என்றால், கூடாது. இங்குதான் எச்டிஆர், அதாவது இருளுக்கும் ஒளிக்கும் இடையிலான வீச்சை விரித்துக் காட்டும் முறை, வருகிறது. ப்ளூ-ரே 8 பிட் என்பதால் ஒவ்வொரு மூல நிறத்துக்கும் 256 படிகள். 4கே வட்டு 10 பிட், அதாவது 1024 படிகள். நடிகர்கள் வரும் படத்தில் இந்த வேறுபாடு அவ்வளவாகக் கண்ணில் படாது, அனிமேஷனில் உடனே படும். அந்தி வானம், கடலடி நீலம், மூடுபனிக்குள் எரியும் விளக்கு என்று ஒரே நிறம் மெல்ல மெல்ல மங்கும் பரப்புகள் அனிமேஷனில் ஏராளம். உங்கள் ப்ளூ-ரேயில் அப்படி ஒரு காட்சியை நிறுத்திப் பாருங்கள். வானம் வழுவழுப்பாக இறங்காமல், விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டை கட்டியிருந்தால், 4கே பதிப்பு அதைச் சரிசெய்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பட்டையே இல்லை என்றால், அந்தப் படத்தை மாற்ற வேண்டிய முதல் காரணமே போய்விட்டது.

இதற்கு உங்கள் டிவியும் ஒத்துழைக்க வேண்டும். எச்டிஆர் படங்களை 1000 நிட் (திரை ஒளிர்வின் அலகு) அல்லது அதற்கும் மேற்பட்ட ஒளிர்வை மனத்தில் வைத்து மெருகேற்றுகிறார்கள். 300 நிட் அளவில் நின்றுவிடும் மலிவு டிவி, பெட்டியில் எச்டிஆர் முத்திரை இருந்தாலும், அதை அடக்கி மங்கலாகத்தான் காட்டும். மும்பையின் மின்னணுச் சந்தையான லேமிங்டன் ரோடு கடையில் ‘விவிட்’ அமைப்பில் ஓடும் மாதிரிக் காட்சியைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த அமைப்பில் எதைப் போட்டாலும் கண்ணைப் பறிக்கும். தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சராசரிக் கண்பார்வைக்கு 55 அங்குல டிவியில் ஏறத்தாழ 7 அடிக்கு அப்பால் 1080 வரிகளின் புள்ளிகளே தனியாகத் தெரியாது. 43 அங்குலத்தில் அது ஐந்தரை அடிதான். அதற்கு அப்பால் 4கே-யின் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்கு எட்டாது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே ஆறடி மட்டுமே விட முடிகிற ஹாலில் இருப்பவர்கள் இடப்பற்றாக்குறையைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் பெரிய வீட்டுக்காரரைவிட அவர்களுக்கே ஆதாயம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன் டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். கையால் வரைந்த படங்களில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடினாலும், பல இடங்களில் ஒரே ஓவியம் இரண்டு சட்டகங்களுக்கு நிற்கும். அதாவது நொடிக்கு 12 ஓவியங்கள். டிவி தானாக இடைச் சட்டகங்களைப் புகுத்தினால், அந்த எண்ணிக்கையில் கலைஞர் வைத்திருந்த துடிப்பு போய், உருவங்கள் எண்ணெயில் வழுக்குவது போலத் தெரியும். அந்தக் குறையை வட்டின் தலையில் போடுவது நியாயமில்லை.

சுத்தம் செய்த கையைப் பற்றி மேலே சொன்னேன். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். பிலிமில் எடுத்த படத்தில் பிலிமின் இயல்பாலேயே மெல்லிய துகள் (கிரெய்ன்) இருக்கும். அதை அழுக்கு என்று எண்ணிக் கணினியால் துடைக்கும்போது, துகளோடு சேர்ந்து பென்சில் கோடும் போய்விடுகிறது. நிறுத்திய சட்டகத்தில் முகத்தைப் பாருங்கள்: புருவ நுனி, விரல் இடுக்கு, கூந்தலின் தனி இழை ஆகிய மெல்லிய கோடுகள் நடுவில் அறுந்திருக்கின்றனவா, பின்னணி ஓவியத்தில் தூரிகைத் தடம் மெழுகு பூசியது போல் மழுங்கியிருக்கிறதா, கறுப்புக் கோட்டை ஒட்டி வெள்ளை நிழல் ஓடுகிறதா? இவற்றில் ஏதாவது 4கே பதிப்பில் இருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். அதே குறை பழைய ப்ளூ-ரேயில் இருக்க, புதியதில் இல்லை என்றால், அதைவிட நல்ல காரணம் வாங்குவதற்குக் கிடையாது.

இதை வாங்காமலேயே சோதிக்க ஒரு வழி, அந்தப் படத்தின் 4கே எச்டிஆர் பதிப்பு ஏதேனும் ஸ்ட்ரீமிங் தளத்தில் இருந்தால் ஒரு மாதச் சந்தாவில் பார்த்துவிடுவது. வண்ணமும் கோடும் எப்படி இருக்கின்றன என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். துகள் மட்டும் தெரியாது. நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வரை ஓடும் ஸ்ட்ரீமிங் அதைக் குழப்பிவிடும், 4கே வட்டிலோ நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் இடமிருக்கிறது. ஆகவே வழுவழுப்பான கணினிப் படத்துக்கு ஸ்ட்ரீமிங்கே போதும் என்பதும், துகள் நிறைந்த பிலிம் படத்துக்கே வட்டு வேண்டும் என்பதும் என் கருத்து.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதாக இருந்தால், பழைய ப்ளூ-ரே பிளேயரில் 4கே வட்டு ஓடாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். வட்டு செருகும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 ப்ரோ ஓட்டாது. டிவியின் எச்டிஎம்ஐ அமைப்பில் விரிவுபடுத்திய சிக்னலை அனுமதிக்காவிட்டால் எச்டிஆர் வராமலே போகும். 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு (ஒரு மண்டலத்து வட்டை இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடவிடாத தடை) இல்லாததால் எந்த நாட்டிலிருந்தும் வரவழைக்கலாம். ஆனால் அதே பெட்டியில் வரும் ப்ளூ-ரேக்குப் பூட்டு இருக்கக்கூடும். அமெரிக்கா, ஜப்பான் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். எனவே பழைய ப்ளூ-ரேயை விற்பதற்கு முன் புதுப் பெட்டியின் இரண்டு வட்டுகளையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.