மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம் போடும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் கிடைக்கவில்லை என்று விதைப்பையே தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. 50 கிலோ டிஏபியில் 23 கிலோ மணிச்சத்தும் 9 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருக்கிறது, மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் 20 கிலோ யூரியாவும் போட்டால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். நிலக்கடலைக்கு என்னைக் கேட்டால் டிஏபி கிடைத்தாலும் சூப்பர்தான், ஏனென்றால் எண்ணெய்ச் சத்துக்கு வேண்டிய கந்தகமும் பருப்பு நிரம்ப வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் அதிலேயே வருகிறது, டிஏபியில் இரண்டும் கிடையாது. அதற்காக 40-45ஆம் நாள் மண் அணைக்கும்போது, அதே கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் தர, போடும் ஜிப்சத்தை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது ராக் பாஸ்பேட், அதாவது மணிச்சத்துள்ள பாறையை அரைத்த தூள். விலை குறைவு என்று கரிசலில் கொட்டினால் காசு மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். அது தண்ணீரில் கரையாத சரக்கு, மண்ணில் இருக்கும் அமிலம்தான் அதைக் கரைக்க வேண்டும். நீலகிரித் தேயிலைத் தோட்டம் மாதிரி பிஎச் (அமில-கார அளவு) 5.5க்குக் கீழே இருக்கும் மண்ணில் மெதுவாகக் கரைந்து பலன் தரும். பிஎச் 8-ஐத் தாண்டிய சுண்ணாம்புக் கரிசலில் பருத்தி வேருக்கு அதிலிருந்து ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. மண் பரிசோதனை அட்டையில் அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்குங்கள்.

யூரியா போல மணிச்சத்து உரத்தை மேலுரமாகத் தூவுவதும் வீண்தான். மணிச்சத்து விழுந்த இடத்தை விட்டு அதிகம் நகராது, வேர்தான் அதைத் தேடி வர வேண்டும். மக்காச்சோள இளம்பயிரில் இலை ஓரம் ஊதா நிறமாக மாறிய பிறகு மேலே வீசினால், காய்ந்த மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அடியுரமாக, விதை வரிசைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஆழமாக விழ வேண்டும். அதே சமயம் டிஏபி விதையை ஒட்டி விழுந்தால் அதிலிருந்து வரும் அம்மோனியா முளையைக் கருக்கிவிடும், நாலைந்து சென்டிமீட்டராவது தள்ளியே போடுங்கள்.

ஒரே வேலையாக முடியட்டும் என்று துத்தநாகச் சத்து தரும் ஜிங்க் சல்பேட்டையும் மணிச்சத்து உரத்தோடு கலந்து வீசுகிறார்கள். இரண்டும் சேர்ந்து பயிர் எளிதில் எடுக்க முடியாத உப்பாகிவிடும். நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டைத் தனியாக மணலில் கலந்து தூவுங்கள்.

அப்புறம், உளுந்துக்குப் பூக்கும்போது அடிக்கிற 2 சதவீத டிஏபி கரைசல். ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் தெளிந்த நீரை மட்டும் இறுத்து 200 லிட்டராக்க வேண்டும், வண்டலைக் கலக்கி ஊற்றினால் தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொள்ளும். தெளிக்கத்தானே போகிறோம் என்று அடியுரத்தை விட்டுவிடாதீர்கள், அந்த 4 கிலோவில் மணிச்சத்து 2 கிலோகூட இல்லை.