கரப்பான் (எக்ஸிமா) எனும் தோல் அழற்சிக்குக் கடைந்த மோர்: சாப்பிட்டுப் பார்க்கும் முறை

பால் கொழுப்பின் ஒவ்வொரு துளியையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கும். தயிரைக் கடையும்போது அது கிழியும். கொழுப்பு வெண்ணெயாகத் திரளும், சவ்வில் பெரும்பங்கு மோரில் தங்கும். அதிலுள்ள ஸ்பிங்கோமைலின், தோலின் ஈரம் காக்கும் செராமைடுக்கு உறவுக்காரக் கொழுப்பு. கரப்பான் தோலில் செராமைடு குறைவு. ஸ்பிங்கோமைலின் தின்ற எலிகளிடம் பலன் தெரிந்திருக்கிறது, மனிதர்களிடம் சான்று இன்னும் மெலிது. ஆகவே களிம்பை நிறுத்தாமல், கூடவே முயல வேண்டிய விஷயம் இது.

முதலில் பால்: கடலூரானால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் (6% கொழுப்பு), புதுச்சேரியானால் பாண்லேயின் கொழுப்பு நிறைந்த பால், அல்லது மாட்டுக்காரரிடம் வாங்கும் கறந்த பால். ‘ஹோமோஜினைஸ்டு’ என்று அச்சிட்டிருந்தால் வேண்டாம், வெண்ணெய் சரியாகத் திரளாது. 1 லிட்டரைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் 1 தேக்கரண்டி உறை மோர் விடுங்கள். சித்திரை வெயிலில் 5 மணி நேரத்தில் தோய்ந்துவிடும், மார்கழியில் 8 ஆகும்.

கடைவதில்தான் பலர் தவறுகிறார்கள். நம் ஊர் வெக்கையில் தயிர் 30 டிகிரியைத் தாண்டியிருக்கும். அப்படியே கடைந்தால் வெண்ணெய் குழைந்து மோரோடு கலந்துவிடும். தயிரைக் குளிர்பெட்டியில் 2 மணி நேரம் வைத்து, ஒன்றரை டம்ளர் ஐஸ் தண்ணீர் சேர்த்துக் கடையுங்கள். மிக்சியானால் விட்டுவிட்டு ஓட்டுங்கள். திரண்டதை வழித்தெடுத்தால் மீதி மோர்.

பெரியவர்கள் மதியச் சோற்றோடு ஒரு டம்ளர், 200 மில்லி, 4 வாரம். உப்பு சிட்டிகை போதும். அன்றன்று கடைந்ததே நல்லது. அந்த 4 வாரமும் சோப்பையோ களிம்பையோ மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். வாரம் ஒருமுறை அதே இடத்தை, அதே வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

குடித்த சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் பால் ஒவ்வாமையாக இருக்கலாம், உடனே நிறுத்துங்கள். மூச்சு இழுத்தால் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். முகப்பரு உள்ளவர்களுக்கும் யோசனைதான்: கொழுப்பு நீக்கிய பாலும், பாலிலிருந்து எடுத்து ஜிம் பையன்கள் குடிக்கும் வே (whey) புரதப் பொடியும் சிலருக்குப் பருவைக் கிளப்பும்.

மோரையோ தயிரையோ வெடித்த தோலில் பூசாதீர்கள். எரிவது ஒருபுறம் இருக்க, புண் வழியே பால் புரதம் உள்ளே போனால் புதிதாக ஒவ்வாமையே கிளம்பக்கூடும்.