உடம்பு எம்ஜி, உயிர் பீட்டில்: ரெப்ளிகா ரோட்ஸ்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீண்ட மூக்கு, இரண்டு பக்கமும் அலைபோல இறங்கும் மட்கார்டு, முதுகில் தொங்கும் ஸ்டெப்னி. 1952ஆம் ஆண்டு எம்ஜி டிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை அப்படியே உரித்து வைத்தது போன்ற கிட் கார்கள் (வேறொரு காரின் அடிப்பாகத்தின் மேல் புது உடம்பை மாட்டிச் செய்த நகல்கள்) அமெரிக்காவில் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அதில் ஒன்றை ஆசையாக வாங்கி வருபவர் செய்யும் முதல் தவறு, உதிரிபாகக் கடைக்குப் போய் "1952 எம்ஜிக்கு பிரேக் சிலிண்டர் வேண்டும்" என்று கேட்பது. அந்தப் பாகம் கிடைக்கும், பொருந்தாது. ஏனென்றால் அந்த ஃபைபர்கிளாஸ் உடம்புக்குக் கீழே இருப்பது பெரும்பாலும், பின்னால் இன்ஜின் வைத்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில்.

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1949 முதல் 1953 வரை உருவான அசல் டிடிக்கு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 94 அங்குலம். பீட்டிலுக்கு 94.5. அதனால்தான் பீட்டிலின் உடம்பைக் கழற்றிவிட்டு, அதன் சேசிஸான தரைத்தகட்டை வெட்டாமலே மேலே எம்ஜி வடிவத்தை உட்கார வைக்க முடிந்தது. போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் ரெப்ளிகா அப்படியில்லை. அசல் 356க்கு 2,100 மி.மீ., பீட்டிலுக்கு 2,400 மி.மீ. ஆகவே தரைத்தகட்டின் நடுவில் கிட்டத்தட்ட ஓரடியை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி வெல்டிங் செய்திருப்பார்கள். ஸ்பீட்ஸ்டர் வாங்கினால் முதலில் கீழே படுத்து அந்த வெல்டிங்கைப் பாருங்கள். பெயின்ட்டை அப்புறம் பார்க்கலாம். மெர்சிடிஸ் எஸ்எஸ்கே சாயலில் வந்த 'கெசெல்' கிட் பீட்டிலின் மீது கட்டியதும் உண்டு, முன்பக்க இன்ஜினோடு ஃபோர்டு பிண்டோ, ஷெவர்லே ஷெவெட் பாகங்களின் மீது கட்டியதும் உண்டு. வெளியே நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

சரி, அடியில் எந்த வருடத்து பீட்டில் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சேசிஸ் எண்ணை நடுச்சுரங்கத்தின் (தரைத்தகட்டின் நடுவே நீளவாக்கில் ஓடும் மேடு) மேல், பீட்டிலில் பின்சீட்டுக்குக் கீழே வரும் இடத்தில், பொறித்திருப்பார்கள். இன்ஜின் எண் ஜெனரேட்டர் நிற்கும் மேடைக்குச் சற்றுக் கீழே இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளில் இன்ஜின் இரண்டு மூன்று தடவை மாறியிருக்கலாம். 1966 வரை அமெரிக்காவுக்கு வந்த பீட்டிலில் 6 வோல்ட் மின்சாரம், ஒற்றைச் சுற்று பிரேக். 1967இல் 12 வோல்ட்டும் இரட்டைச் சுற்று பிரேக்கும் வந்தன. ஒற்றைச் சுற்றில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். உங்களுடையது அந்த வகை என்றால் முதல் செலவு அதை மாற்றுவதாகவே இருக்கட்டும்.

இந்த வண்டிகளில் அதிகம் சாவது இன்ஜின். அதைக் கொல்வது சூடு. பீட்டில் இன்ஜினில் தண்ணீர் கிடையாது. ஒரு ஃபேன் குளிர்காற்றை மேலிருந்து இழுத்து சிலிண்டர்கள் மேல் தள்ளும், சூடான காற்று கீழே போகும். மேல்காற்றும் கீழ்க்காற்றும் கலக்காமல் இருக்க இன்ஜினைச் சுற்றித் தகடுகளும், தகடுக்கும் உடம்புக்கும் நடுவே ரப்பர் பட்டையும் வைத்துத்தான் பீட்டிலை வடிவமைத்தார்கள். உடம்பு மாறியதும் அந்த ரப்பருக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. நான் வாங்கியபோது என் வண்டியில் இன்ஜினைச் சுற்றிக் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. கீழே போன சூடான காற்றையே ஃபேன் மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. அலுமினியத் தகட்டை அளவெடுத்து வெட்டி, ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டி, அந்த இடைவெளியை அடைக்க இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. அதன் பிறகு வந்த கோடையில் ஆயில் வெப்பமானியின் முள் பழைய இடத்துக்குப் போகவே இல்லை. இந்த வண்டியில் நான் செய்த வேலைகளிலேயே அதிகப் பலன் கொடுத்தது இதுதான்.

பார்வைக்கு அழகு என்று அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டு குரோம் பூசிய சின்னத் தகடுகளை மாட்டுபவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கும். தெர்மோஸ்டாட்டையும் காற்றுத் தடுப்பான்களையும் "தேவையில்லை" என்று தூக்கிப் போடுவதும் தவறு. குளிர்ந்த இன்ஜின் சீக்கிரம் சூடேறவும், சூடேறிய பின் காற்று சரியான இடத்துக்குப் போகவும் அவை வேண்டும். 1970 வரையான அமைப்பில் ஆயில் கூலர் ஃபேன் உறைக்குள்ளேயே நின்று மூன்றாவது சிலிண்டரின் காற்றை மறைக்கும். 1971இல் அதைத் தனி உறைக்கு நகர்த்திவிட்டார்கள். பழைய அமைப்பு உங்களிடம் இருந்தால் பிந்தைய அமைப்புக்கு மாற்றுவது நல்ல முதலீடு.

ஃபேன் பெல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெனரேட்டரும் ஃபேனும் ஒரே தண்டில் இருக்கின்றன. பெல்ட் அறுந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். மற்ற கார்களில் "பேட்டரி சார்ஜ் ஆகவில்லை, வீடு வரை ஓட்டிவிடலாம்" என்று நினைப்பது வழக்கம். இங்கே அந்த விளக்கு எரிந்தால் குளிர்காற்றும் நின்றுவிட்டது என்று பொருள். அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். மாற்றுப் பெல்ட், 21 மி.மீ. ஸ்பேனர், ஒரு தடித்த ஸ்க்ரூடிரைவர் மூன்றும் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். புல்லியின் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து, ஜெனரேட்டரின் மேல் போல்ட்டில் முட்ட வைத்தால் புல்லி சுற்றாது, நட்டைக் கழற்றலாம். புல்லி இரண்டு பாதியாகப் பிரியும். நடுவில் மெல்லிய வாஷர்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்தால் பெல்ட் இறுகும், சேர்த்தால் தளரும். எடுத்த வாஷரைப் புல்லிக்கு வெளிப்புறம், நட்டுக்கு அடியில் போட்டு வைக்கவேண்டும், அடுத்த தடவை தேவைப்படும். கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் சுமார் 15 மி.மீ. உள்ளே போனால் போதும். கம்பி மாதிரி இறுக்கினால் ஜெனரேட்டர் பேரிங் போய்விடும்.

டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட்டில், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வதில், இன்னொரு தப்பு எண்ணம் உண்டு. "சத்தமே இல்லை, இன்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது" என்று சந்தோஷப்படுவார்கள். இந்த இன்ஜினில் மெல்லிய டக்டக் சத்தம் இருப்பதுதான் நல்லது. இடைவெளி குறையக் குறையச் சத்தம் குறையும். இன்னும் குறைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாமல் கருகும். 1600 சி.சி. இன்ஜினுக்கு 0.15 மி.மீ., அதுவும் இன்ஜின் நன்றாக ஆறியபின். ஓட்டிவிட்டு வந்த மாலையில் பார்க்காதீர்கள், மறுநாள் காலையில் பாருங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றும்போது இதையும் சேர்த்துச் செய்துவிடலாம். ஆயில் வெறும் இரண்டரை லிட்டர்தான். காகித ஃபில்டர் கிடையாது, ஒரு கம்பி வலைச் சல்லடை மட்டும். அதன் தகட்டைப் பிடிக்கும் ஆறு சின்ன நட்டுகளைப் பலம் கொண்டு முறுக்கினால் நட்டு ஏறும் திருகுக்கம்பி (ஸ்டட்) கையோடு வந்துவிடும்.

அடுத்தது தீ. எழுதும்போதே பயமாக இருக்கிற விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டும். பெட்ரோல் ஹோஸ் வெளியே துணி பின்னியது. உள்ளே வெடித்திருந்தாலும் வெளியில் தெரியாது. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை வேகமாக அரிக்கிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் பழைய வண்டிகளில் தளர்ந்து கழன்று வரலாம். கழன்றால் சூடான இன்ஜின் மேல், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமாகப் பெட்ரோல் பீய்ச்சும். பிளாஸ்டிக் ஃபில்டரை இன்ஜின் அறைக்குள் தொங்கவிடுவது இந்த ஆபத்தை இரட்டிப்பாக்கும். அதை வெளியே, கியர்பாக்ஸ் பக்கம் மாற்றி, நல்ல ஹோஸ் போட்டு, ஒவ்வொரு முனையிலும் கிளாம்ப் போடுங்கள். இன்ஜின் உறை மெக்னீசியம் கலந்த உலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது தீயைப் பெரிதாக்கும். மேலே இருக்கும் உடம்பும் எரியக்கூடிய ரெசின்தான். தீயணைப்பான் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பின்னால் இன்ஜினுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தால் தேவைப்படும் நேரத்தில் அதை எடுக்கவே முடியாது.

விளக்கு மங்குகிறது, பெட்ரோல் முள் ஆடுகிறது, இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது என்றால் உடனே புது ஒயரிங் வாங்காதீர்கள். இரும்பு உடம்பில் எர்த் தானாகக் கிடைக்கும். ஃபைபர்கிளாஸில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் ஒயர் சேசிஸுக்கு வந்தாக வேண்டும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

வண்டி ஹைவேயில் அலைபாய்கிறது என்ற புகாருக்கு முதல் காரணம் டயர் காற்று. நான்கிலும் 32 பி.எஸ்.ஐ. அடித்துவிடுகிறார்கள். பீட்டிலின் கையேடு முன்னால் 16 முதல் 18, பின்னால் 24 முதல் 27 என்றுதான் சொன்னது. உங்கள் வண்டியின் மூக்கு பீட்டிலை விட லேசானது. முன்பக்கத்தை மட்டும் தாழ்த்தினால் காஸ்டர் கோணம் (சக்கரத்தை நேராக ஓட வைக்கும் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் இன்னும் அலையும். முன் அச்சின் கீழ்க்குழாய்க்குப் பின்னால் ஆப்பு வடிவத் தகடு வைத்து அதைச் சரிசெய்யலாம். 1968 வரையான ஸ்விங் ஆக்சில் (பின் அச்சின் இரு பாதியும் கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் மடங்கும் அமைப்பு) வண்டியில், லேசான உடம்பு காரணமாகப் பின்பக்கம் தூக்கி நிற்கும். வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். பின்பக்கத்தை இறக்கிச் சரி செய்யும்வரை வளைவில் நிதானம் வேண்டும்.

இன்ஜினைப் பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 1776, 1915 சி.சி., இரட்டைக் கார்புரேட்டர் என்று பட்டியல் நீளும். அசல் எம்ஜி டிடியின் 1,250 சி.சி. இன்ஜின் கொடுத்தது 54 குதிரைத்திறன். சாதாரண 1600 பீட்டில் இன்ஜினே கிட்டத்தட்ட அதே அளவு கொடுக்கும். முதலில் குளிர்ச்சி, பிறகு பிரேக், பிறகு சஸ்பென்ஷன். மூன்றும் முடிந்து பணம் மிஞ்சினால் குதிரைத்திறன்.

உடம்பில் சிலந்தி வலை மாதிரி விரிசல் தெரிந்தால் மேலோட்டமாகப் பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பது வீண். அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். அந்த இடத்தில் ஏதோ ஒன்று இழுக்கிறது: தொங்கும் கதவு, வாஷர் இல்லாத போல்ட், அடியில் துருப்பிடித்த சட்டம். அதைச் சரி செய்தபின் விரிசலைச் சுரண்டி, இழைத்துணியும் ரெசினும் வைத்து நிரப்ப வேண்டும். ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: சீட் பெல்ட்டை ஃபைபர்கிளாஸில் போல்ட் போட்டு மாட்டாதீர்கள். மோதினால் பெல்ட் கையோடு பிய்ந்து வரும். இரும்பில், சேசிஸில் மட்டுமே மாட்ட வேண்டும்.

வாங்கும் முன் பதிவு ஆவணத்தையும் சேசிஸ் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சில ஆவணங்களில் பீட்டிலின் வருடம் இருக்கும், சிலவற்றில் '1952 எம்ஜி' என்று தவறாகவே இருக்கும். தவறு இருந்தால் விற்பவர் பெயரில் இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். பிறகு, தரைத்தகடு எந்த வருடம், இன்ஜின் எண், கார்புரேட்டர் வகை, பிரேக் எந்த வருடத்து அமைப்பு, சக்கரத்துக்கு நான்கு போல்ட்டா ஐந்தா என்பதை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு அறையில் வையுங்கள். என்னுடையது பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது, ஓரங்களில் ஆயில் கறை. கடைக்குப் போகும்போது அந்தத் தாளைத்தான் எடுத்துப் போகிறேன்.